5 சதவீதம் 1 சதவீதம் ஆன கதை

2024 மே 3 அன்று ரிசர்வ் வங்கி ஒரு வரைவு விதியை வெளியிட்டது. சாலை, துறைமுகம், மின்நிலையம் மாதிரியான பெரிய திட்டங்களுக்கு வங்கிகள் தரும் கடன் பற்றியது அது. திட்டம் கட்டி முடியும்வரை, கடன் தொகையில் 5 சதவீதத்தை வங்கி தன் வருமானத்திலிருந்து எடுத்துத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு இந்த ஒதுக்கீடு 0.4 சதவீதம்தான். அடுத்த வேலைநாளே பொதுத்துறை வங்கிகளின் பங்குவிலை இறங்கியது. 13 மாதம் ஓடியது. 2025 ஜூன் 19 அன்று இறுதி விதி வந்தபோது 5 என்ற எண் 1 ஆகியிருந்தது. வணிகக் கட்டடங்களுக்கு மட்டும் 1.25. ஏற்கெனவே நிதி ஏற்பாடு முடிந்துவிட்ட திட்டங்களுக்குப் புதிய விதியே பொருந்தாது.

1,000 கோடி ரூபாய் கடன் என்றால், 50 கோடி ஒதுக்க வேண்டிய இடத்தில் 10 கோடி. மிச்சம் 40 கோடி வங்கியின் லாபக் கணக்கிலேயே இருக்கும். திட்டம் பாதியில் நின்றுபோனால் அடியைத் தாங்க வேண்டிய பணம் இதுதான். அப்படி நின்றுபோன திட்டங்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். 2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு பெருந்தொழில்களுக்கும் கட்டமைப்புத் திட்டங்களுக்கும் கொடுத்த கடன். பொதுத்துறை வங்கிகளைத் தூக்கி நிறுத்த 2017 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த மூலதனத் திட்டம் 2.11 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி நம் வரிப்பணம்.

அந்த 13 மாதத்தில் யாரும் யாருக்கும் பெட்டி கொடுத்ததாக நான் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி கருத்துக் கேட்டது. வங்கிகளும் கட்டமைப்புக் கடன் நிறுவனங்களும் ஆட்சேபம் தெரிவித்தன. 'கடன் வட்டி ஏறும், திட்டங்கள் முடங்கும்' என்றன. ரிசர்வ் வங்கி அதற்குச் செவிசாய்த்தது. லாபி என்று உலகம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சட்டத்துக்கு உட்பட்டது, நாகரிகமானது, வாதங்களோடும் கணக்குகளோடும் நடப்பது. 5 சதவீதம் உண்மையிலேயே அதிகமாகக்கூட இருந்திருக்கலாம், 0.4-லிருந்து 1 ஆனதும் முன்னேற்றம்தான். என் கேள்வி வேறு. அந்த 5-க்காகப் பேச அந்த மேசையில் யார் இருந்தார்கள்?

இது தனி ஒரு நிகழ்வாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2024 ஜூலையில் இன்னொரு வரைவு வந்தது. செல்பேசியிலும் இணையத்திலும் நொடியில் எடுத்துவிடக்கூடிய டெபாசிட்டுகளுக்கு, திடீரென்று எல்லோரும் பணம் கேட்டு வந்தால் சமாளிக்கக் கூடுதலாக 5 சதவீதம் வெளியேறும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றது. வங்கிகள் எதிர்த்தன. 2025 ஏப்ரல் 21-ல் வந்த இறுதி விதியில் 5 சதவீதம் 2.5 ஆனது, தேதி 2026 ஏப்ரல் 1-க்குப் போனது. எண் பாதியானது, காலம் ஓராண்டு நீண்டது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லாபிக்கு விதியை ஒழிக்க வேண்டிய தேவையே இல்லை. எண்ணையும் தேதியையும் நகர்த்தினால் போதும்.

தேதி நகர்வதற்கு என்ன விலை என்பதை வீட்டுக்கடன் வாங்கியவர்களிடம் கேட்கலாம். ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனின் வட்டி) ஏறினால் மறுமாதமே தவணை ஏறும், இறங்கினால் மட்டும் வங்கிக்குத் தகவலே போய்ச் சேராது என்பது நம்மில் பலரின் அனுபவம். அது வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. 2017-ல் ரிசர்வ் வங்கியே அமைத்த ஆய்வுக்குழு, வங்கிகள் தங்கள் அடிப்படை வட்டியைக் கணக்கிடும்போது இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்ததைக் கண்டுபிடித்து எழுதியது. ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கடன் வட்டியை நேராக இணைத்துவிடுங்கள் என்றது. 2018 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதை ஏற்று, 2019 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அறிவித்தது. ஏப்ரல் வந்ததும், சம்பந்தப்பட்டவர்களோடு இன்னும் ஆலோசிக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டது. கடைசியில் 2019 அக்டோபர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து அக்டோபருக்குள் ரெப்போ வட்டி 6.50-லிருந்து 5.15-க்கு இறங்கியிருந்தது. தள்ளிப்போன 6 மாதம் எந்த மாதங்கள் என்று பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடனில் வட்டி கால் சதவீதம் கூடுதலாக இருந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 7,500 ரூபாய். இதற்காக வேளச்சேரியிலிருந்தோ ஆவடியிலிருந்தோ யாரும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரிசர்வ் வங்கிக்கு மனு எழுத உட்கார மாட்டார்கள். ஆனால் அப்படி 1 லட்சம் கடன்கள் வைத்திருக்கும் வங்கிக்கு அது வருடத்துக்கு 75 கோடி. 75 கோடிக்காக நல்ல சம்பளத்தில் 10 பேரை வைத்து அறிக்கை தயாரிக்கலாம், டெல்லிக்கும் மும்பைக்கும் அனுப்பலாம், வருடம் முழுக்க அதே வேலையாக இருக்கலாம். லாபம் ஓரிடத்தில் குவிகிறது, நட்டம் லட்சம் வீடுகளில் சிதறுகிறது. மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965-லேயே இதை விளக்கிவிட்டார். சிறிய குழு எளிதில் ஒன்றுசேரும், பெரிய கூட்டம் சேராது என்றார். 1971-ல் ஜார்ஜ் ஸ்டிக்லர் இன்னொரு படி போய், ஒழுங்குமுறை என்பது பெரும்பாலும் அந்தந்தத் தொழிலே கேட்டுப் பெறுவது, அதன் நலனுக்காகவே வடிவமைக்கப்படுவது என்றார்.

இதில் பணத்தைவிட முக்கியமானது தகவல். ஒரு விதி வங்கியின் லாபத்தில் எவ்வளவு குறைக்கும், எத்தனை கடன்கள் நின்றுபோகும் என்ற கணக்கு வங்கியிடம்தான் இருக்கிறது. விதி எழுதுபவர் அந்தக் கணக்கை வங்கியிடமே கேட்டு வாங்க வேண்டும். வங்கி சொல்லும் எண் பயமுறுத்தும் எண்ணாகத்தான் இருக்கும். 2010 ஜூனில், பாசல் 3 என்ற, உலகெங்கும் உள்ள வங்கிகளுக்கான விதிகள் உருவாகிக்கொண்டிருந்தபோது, பெரிய வங்கிகளின் சர்வதேசச் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. இந்த விதிகள் வந்தால் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றின் உற்பத்தியும் 5 ஆண்டில் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்துவிடும் என்றது. ஒழுங்குமுறை அமைப்புகள் தாமே போட்ட கணக்கில் வந்த பாதிப்பு அதைவிட மிகச் சிறியது. என்றாலும் முதலில் வந்த பெரிய எண்தான் பேச்சுவார்த்தையின் தொடக்கப் புள்ளியாக நிற்கும். கொத்தவால்சாவடியில் பேரம் பேசியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அமெரிக்காவில் லாபி பதிவு செய்யப்பட்ட தொழில். 1995-ல் வந்த சட்டத்தின்படி யார் யாருக்காகப் பேசினார், எவ்வளவு செலவழித்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். அதனால் அங்கே நடந்ததைப் பின்னால் போய்ப் படிக்க முடிகிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2010 ஜூலை 21-ல் டாட்-ஃபிராங்க் சட்டம் கையெழுத்தானபோது வங்கிகள் தோற்றுவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் நூற்றுக்கணக்கான விதிகளைப் பிறகு எழுதிக்கொள்ளுமாறு ஒழுங்குமுறை அமைப்புகளிடம் விட்டிருந்தது. கையெழுத்து விழா முடிந்து கேமராக்கள் போன பிறகுதான் வங்கிகளின் உண்மையான வேலை தொடங்கியது. 2013-ல் அமெரிக்கக் கீழவையின் குழு ஒன்று, அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவைத் தளர்த்த 85 வரி மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதில் 70 வரிகளுக்கு மேல் சிட்டி குரூப் வங்கியின் பரிந்துரைகளை ஒட்டியே இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. அம்பலமான பிறகும் அந்த முயற்சி நிற்கவில்லை. 2014 டிசம்பரில், அரசுச் செலவுக்கான பெரிய மசோதாவுக்குள் அந்தத் தளர்வு நுழைக்கப்பட்டுச் சட்டமானது.

இதைவிட என்னை உலுக்கிய கதை சிலிக்கான் வேலி வங்கியுடையது. டாட்-ஃபிராங்க் சட்டத்தில் 5,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளுக்குக் கடுமையான கண்காணிப்பு இருந்தது. 2015-ல் அந்த வங்கியின் தலைவர் அமெரிக்க மேலவைக் குழுவுக்கு எழுத்துமூலமாக, எங்களைப் போன்ற நடுத்தர வங்கிகளால் நாட்டுக்கு ஆபத்து இல்லை, வரம்பை உயர்த்துங்கள் என்று கேட்டார். அவரைப் போல் பலரும் கேட்டார்கள். 2018-ல் இரு கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடு வரம்பு 25,000 கோடி டாலராக உயர்ந்தது. 2022 முடிவில் அந்த வங்கியின் சொத்து ஏறக்குறைய 20,900 கோடி டாலர். அதாவது புதிய வரம்புக்குக் கீழே. 2023 மார்ச் 10-ல் அது விழுந்தது. அடுத்த மாதம் அமெரிக்க மத்திய வங்கி வெளியிட்ட தன் ஆய்வறிக்கையில், தளர்த்தப்பட்ட விதிகளும் மென்மையாகிப்போன கண்காணிப்பும் இதற்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகாவது இறுகியிருக்கும் என்று நினைக்கலாம். 2023 ஜூலையில் பெரிய வங்கிகள் நட்டத்தைத் தாங்க வைத்திருக்க வேண்டிய மூலதனத்தைக் கூட்டும் வரைவு அங்கே வந்தது. வங்கிகள் தொலைக்காட்சியில், கால்பந்து ஆட்டங்களின் நடுவே, அதற்கு எதிராக விளம்பரம் கொடுத்தன. மிகப் பெரிய வங்கிகளுக்கு 19 சதவீதம் என்று தொடங்கிய உயர்வு, 2024 செப்டம்பரில் 9 சதவீதமாகக் குறைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வங்கி விழுந்த நினைவு இரண்டாண்டுகூட முழுசாகத் தாங்கவில்லை.

நினைவு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது இந்த நகரத்தில் சேமிப்பு வைத்திருந்த குடும்பங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தன. அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கியது அந்தக் கோபத்தின் விளைவு. கோபம் ஒரு வங்கியைக் கட்டியது. ஒரு சட்டத்தைக் கட்டவில்லை. 1938-ல், சென்னையில் தலைமையகம் வைத்திருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. வங்கிகளுக்கென்று முழுமையான தனிச்சட்டம் 1949-ல்தான் வந்தது. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகு, 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடு வந்தது, 1,500 ரூபாய் வரை. 1993-லிருந்து 1 லட்சமாகவே நின்றிருந்த அந்தத் தொகை, 2019-ல் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி முடங்கி டெபாசிட்தாரர்கள் தெருவில் அழுத பிறகுதான், 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆனது. இங்கே டெபாசிட்தாரருக்குச் சாதகமாக வந்த ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் முன்னால் ஒரு வங்கியின் பிணம் கிடக்கிறது. விழுந்த வங்கிக்கும் அடுத்து விழப்போகும் வங்கிக்கும் நடுவே உள்ள அமைதியான வருடங்கள்தான் லாபியின் காலம்.

இந்தியாவில் லாபியைப் பதிவு செய்யும் சட்டம் இல்லை. 2013-ல் தனிநபர் மசோதாவாக ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்ததோடு சரி. வங்கிகளுக்காகப் பேசுவது 1946-ல் தொடங்கிய இந்திய வங்கிகள் சங்கம். வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு வேறு சங்கங்கள் உண்டு. பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சர் நடத்தும் ஆலோசனைக் கூட்டங்களில் இவர்களுக்கு நாற்காலி உண்டு. இன்னொன்றும் இங்கே இருக்கிறது, அமெரிக்காவில் இல்லாதது. பெரிய வங்கிகளில் பலவற்றின் உரிமையாளர் மத்திய அரசு. சட்டம் கொண்டுவருபவரும் வங்கியின் முதலாளியும் ஒருவரே. அப்படிப்பட்ட வங்கி யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை, அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2018 மார்ச்சில், பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியான பிறகு, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் இதைப் பொதுமேடையிலேயே சொன்னார்: தனியார் வங்கி இயக்குநரை நீக்க ரிசர்வ் வங்கியால் முடியும், பொதுத்துறை வங்கியில் முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் பதவி விலகினார்.

தேர்தல் பத்திரங்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவற்றின் வழியாக யார் எந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தார் என்று தெரியாமலேயே 6 ஆண்டு ஓடியது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகு, விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட, அரசுக்குச் சொந்தமான பாரத ஸ்டேட் வங்கி, நீதிமன்றம் மறுத்த மறுநாளே விவரத்தைக் கொடுத்தது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெரம்பூரில் இருக்கும் என் அத்தைக்கு நகைக்கடன் என்பது வருடாந்திரச் சடங்கு. பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை வைப்பார், வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்வார். 2024 செப்டம்பர் கடைசியில், நகைக்கடனில் நடக்கும் முறைகேடுகளைப் பட்டியலிட்டு ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பிறகு அவர் போன வங்கியில், அசலையும் சேர்த்து முழுசாகக் கட்டி நகையை மீட்டு, மறுநாள்தான் திரும்ப வைக்க முடியும் என்றார்கள். "என்னப்பா இது? கையில காசு இருந்தா நான் எதுக்கு நகையை வைக்கப்போறேன்?" என்று என்னிடம் கேட்டார். இரண்டு நாளைக்கு வட்டிக்கு விடுபவரிடம் கைமாற்று வாங்கித்தான் சீட்டைப் புதுப்பித்தார்.

2025 ஏப்ரல் 9-ல் நகைக்கடனுக்கான புதிய வரைவு வந்தது. நகைக்கு உரிமைச் சான்று வேண்டும், மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கடன் கிடையாது என்றெல்லாம் இருந்தது. பாட்டி கழுத்திலிருந்து அம்மா கழுத்துக்கு வந்த சங்கிலிக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? தமிழ்நாடு கொதித்தது. விவசாயச் சங்கங்கள் தெருவுக்கு வந்தன, பல கட்சிகளும் எதிர்த்தன, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30-ல் நிதியமைச்சகமே, சிறு கடன்தாரருக்கு விலக்குக் கொடுங்கள் என்று ரிசர்வ் வங்கிக்குப் பரிந்துரைத்தது. ஜூன் 6-ல் வந்த இறுதி விதியில் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இதற்கு 58 நாள்தான் ஆனது.

ஆக, சாதாரண மக்களும் எண்ணை நகர்த்த முடியும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் நகைக்கடன் நிறுவனங்களும் இதையேதான் கேட்டன. இறுதி விதி வந்த அன்று அவர்களின் பங்குவிலை ஏறியது. அத்தையும் கடன் கொடுப்பவரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான தருணம் அது. இருவர் நலனும் மோதும் இடத்தில் மக்கள் ஜெயித்தது உண்டா என்றால், உண்டு. 2017-ல் வந்த நிதித் தீர்வு மசோதாவில், வங்கி மூழ்கினால் டெபாசிட்டிலும் கைவைக்க வழிசெய்யும் பிரிவு ஒன்று இருந்தது. டெபாசிட்தாரர்களும், சென்னையிலிருந்து இயங்கும் தலைவர்களைக் கொண்ட வங்கி ஊழியர் சங்கமும் விடாமல் எதிர்த்ததில், 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2020-ல், பெருந்தொழில் குழுமங்கள் வங்கி தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் உட்குழு பரிந்துரைத்தபோது, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனும் முன்னாள் துணை ஆளுநர் விரால் ஆச்சார்யாவும் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார்கள். குழு கருத்துக் கேட்ட வல்லுநர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வேண்டாம் என்றிருந்ததும் வெளியே தெரிந்தது. அடுத்த ஆண்டு ஏற்கப்பட்ட 21 பரிந்துரைகளில் அது இல்லை. இந்த மூன்றிலும், விதி வரைவாக இருந்தபோதே விஷயம் வாசல்வரை வந்து, பேச்சாகிவிட்டது. திட்டக்கடன் ஒதுக்கீட்டைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலும் யாரும் பேசவில்லை. அதனால் அது 1 ஆனது.

மின்கட்டணத்துக்கு நமக்கு ஒரு வழி இருக்கிறது. 2022-ல் கட்டணம் உயர்வதற்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. சென்னையில் கலைவாணர் அரங்கில் சிறுதொழில்காரர்களும் குடும்பத்தலைவிகளும் ஒலிவாங்கி முன் வரிசையில் நின்று பேசினார்கள். கட்டணம் எப்படியும் உயர்ந்தது, உண்மைதான். ஆனால் என்ன எதிர்ப்பு வந்தது, யார் சொன்னார், ஆணையம் என்ன பதில் சொன்னது என்பது ஆவணமாக இருக்கிறது. வங்கி விதிகளுக்கு அப்படிக் கூட்டம் இல்லை. ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கிக்கு அவ்வளவு பெரிய கட்டடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து, அங்கே ஒரு வரைவு விதி பற்றித் தமிழில் ஒருநாள் பேச இடம் கொடுத்ததில்லை. 2025 மே மாதம் ரிசர்வ் வங்கி தானே வகுத்துக்கொண்ட நடைமுறைப்படி, வரைவுகளை இணையத்தில் போட்டுக் குறைந்தது 21 நாள் கருத்துக் கேட்க வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் வரைவு தமிழில் வருவதில்லை. பல பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும் ஒதுக்கீட்டு விதியை 21 நாளில் படித்துப் பதில் எழுதக்கூடியவர்கள் அதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள்தான். வரைவின் தமிழ்ச் சுருக்கம் இரண்டு பக்கமும், வங்கிகள் அனுப்பிய கடிதங்களை அப்படியே வெளியிடுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. இந்த இரண்டையும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

ஏனென்றால் அடுத்த எண் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. கடன் கெட்டுப்போன பிறகு பணம் ஒதுக்கும் இப்போதைய முறையை மாற்றி, கெடக்கூடும் என்று கணித்து முன்கூட்டியே ஒதுக்கும் முறையைக் கொண்டுவர ரிசர்வ் வங்கி முடிவு செய்திருக்கிறது. விவாதத்தாள் வந்தது 2023 ஜனவரியில். விதியின் வரைவு 2025 அக்டோபரில் வந்தது. அதன்படி நடைமுறை 2027 ஏப்ரல் 1 முதல். அதனால் ஏற்படும் கூடுதல் சுமையை வங்கிகள் 2031 மார்ச் 31 வரை கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிக்கொள்ளலாம். முதல் தாளிலிருந்து முழு அமல்வரை 8 ஆண்டு.